மிக்சியை நிறுத்திய இரண்டு நிமிடம்

பொன்னியம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவள் மேல் இல்லை. தேய்த்த சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக மாதா மாதம் முதல் ஞாயிறு வந்து உட்கார்ந்து, அவள் கையால் கிச்சடி சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டுப் போன பெரிய மனிதர்கள் மேல். அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைக் கேட்டால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் லோகநாயகி. முடிச்சூர் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில்தான் ஜெராக்ஸ். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் நானே கம்ப்யூட்டரில் டிசைன் செய்து கொடுப்பேன். பொன்னியம்மாள் வீடு கடைக்குப் பின்தெருவில். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நான் பொன்னிக்கா என்பேன், அவள் லோகா என்பாள்.

முடிச்சூரில் வீடுகளைவிட வயல்கள் அதிகம் இருந்த காலத்தில் பிறந்தவள் அவள். அப்பா நாற்று நடவுக்கும் கதிர் அடிக்கவும் போன கூலி. தாம்பரம் விமானப்படை நிலையத்தில் வேலை பார்த்த தினகரன் பெண் கேட்டு வந்தபோது, சீருடை போட்ட மாப்பிள்ளை என்று தெருவே வாயைப் பிளந்தது. ஒரு வருடம் ஒழுங்காக இருந்தான். பிறகு வடக்கே மாற்றல். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் வந்து அழைத்துப்போகிறேன் என்றான். லீவில் வந்தான், போனான். எழில் பிறந்தாள். பிறகு கடிதம் நின்றது. கடைசியில் ஆளும் நின்றுபோனான். சர்வீஸ் முடித்து வெளியே போய்விட்டான், எங்கே போனானோ தெரியாது என்று அவனோடு வேலை பார்த்தவர்கள் கையை விரித்தார்கள்.

பொன்னிக்கா அழுது ஊரைக் கூட்டவில்லை. வீட்டு வேலை, கல்யாண மண்டபத்தில் காய் நறுக்கும் வேலை, பிறகு சமையல் என்று மகளை வளர்த்தாள். நெற்றியில் பொட்டு, தலையில் பூ, கழுத்தில் தாலி மூன்றும் அப்படியே இருந்தன. ஆடிப்பெருக்கு தவறாமல் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வாள். எங்கோ ஒரு மூலையில் அந்த ஆள் நன்றாக இருக்கட்டும் என்று கும்பிடுவாள். எதற்கு இதெல்லாம் என்று நான் ஒருமுறை கேட்டபோது, "போனவன் போனான். இல்லன்னு எவனும் வந்து சொல்லலியே" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டியவர்களுக்குத்தான் அவள் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சேலையூர் பக்கம் ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். ஸ்ரீரங்கன் என்று ஒருவர், வாரன்ட் ஆபீசராக இருந்தவர், அதற்குச் செயலாளர். நம்மோடு இருந்தவன் மனைவி ஆயிற்றே, பாவம், என்று மாதக் கூட்டத்துக்கு டிபன் செய்யும் வேலையைப் பொன்னிக்காவுக்குக் கொடுத்தார். அந்தப் புண்ணியத்தை அவர் வாயாலேயே நான் நாலு தடவை கேட்டிருக்கிறேன்.

கூட்டம் ஹாலில் நடக்கும். அடுத்தாற்போல சமையலறை, நடுவே கதவு, பரிமாற ஒரு ஜன்னல். கூட்டத் தொடக்கத்தில், அந்த மாதம் இறந்துபோன உறுப்பினர்களின் பெயரைச் செயலாளர் படிப்பார். பிறகு எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். பெயர் படிக்கும்போது உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருக்கும், பொன்னிக்கா காதில் எதுவும் விழாது. எழுந்து நிற்கும்போதுதான் யாராவது ஜன்னலைத் தட்டுவார்கள். அவள் மிக்சியை நிறுத்துவாள். நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க மாட்டாள். கரண்டியைக் கீழே வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்படியிலேயே அவர்களைப்போல நேராக நிற்பாள். யாரோ ஒரு புண்ணியவான் போய்ச் சேர்ந்திருக்கிறார், நாமும் நிற்போமே என்பாள். டிபன் பரிமாறும்போது, "இன்னிக்கு ஆரு சார்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

அவள் சமையலில் ஒரே ஒரு குறை. சில வருடங்களாக உப்பு பத்தாது. தெரு முழுக்க அவளைக் கேலி செய்வோம். சங்கத்தில் மேஜைக்கு மேஜை கிண்ணத்தில் உப்பு வைத்துவிட்டார்கள். "கொஞ்சம் போட்டாத்தான் என்ன பொன்னிக்கா, கையா தேஞ்சிடும்?" என்று கேட்டால், "ஒரு தபா ஜாஸ்தியாப் போட்டு மானம் போச்சு. அது போதும்" என்பாள்.

போன வருடம் எழிலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. குரோம்பேட்டையில் ஒரு லேபில் வேலை பார்க்கிற பெண், அங்கேயே மாப்பிள்ளை. பத்திரிகை அடிக்க என்னிடம்தான் வந்தார்கள். சம்பந்தியம்மாவும் கூட வந்திருந்தார். கணபதி துணை போட்டேன், மணமகன் பெயர் போட்டேன், மணமகள் பெயர் போட்டேன். அப்பா பெயர் வந்ததும் கை நின்றுவிட்டது.

"முன்னாடி என்ன போடறது பொன்னிக்கா? திருவா, தெய்வத்திருவா?"

சம்பந்தியம்மாதான் தொண்டையைக் கனைத்தார். "எங்களுக்கு ஒண்ணும் இல்லை. ஆனா ஏதாவது ஒண்ணு தீர்மானமாப் போட்டுடணும். திருன்னு போட்டா, மனுஷர் எங்கேன்னு சொந்தக்காரங்க மேடையிலயே கேப்பாங்க. தெய்வத்திருன்னு போட்டா…" என்று பொன்னிக்காவின் நெற்றியைப் பார்த்தார். மீதியைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. தெய்வத்திரு என்று போட்டால், பெற்று வளர்த்தவள் மேடையில் நிற்கக் கூடாது, பந்தி பக்கம் போய் நிற்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

எழிலுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா மேடையில இல்லன்னா நானும் மேடையில இல்ல ஆன்ட்டி. எது வேணா போடுங்க."

ஆனால் பொன்னிக்காவின் கவலை வேறு. "உயிரோட கீற ஆளை நான் கார்டு அடிச்சு சாவடிக்கவா லோகா? இல்ல, செத்தவனை உயிரோட கீறான்னு ஊருக்குப் பொய் சொல்லவா? எனக்கு உண்மை தெரியணும். அப்பாலதான் கார்டு."

நல்ல கேள்வி. பதில் எங்கே கிடைக்கும்? இறப்புப் பதிவு இணையதளத்தைத் திறந்தேன். இறந்த தேதியைக் கேட்டது. தேதி தெரிந்தவள் எதற்கு அங்கே வந்து தேடப்போகிறாள் என்று கம்ப்யூட்டரையே திட்டினேன். படையில் இருந்தவன் ஆயிற்றே, அவர்களிடம் கணக்கு இருக்கும் என்று இருவரும் ஸ்ரீரங்கனைப் பார்க்கப் போனோம்.

அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், ஃபேன் வேகத்தைக் கூட்டினார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"ரெக்கார்ட்ஸ் எல்லாம் டெல்லியில இருக்கும்மா. லெட்டர் போட்டா பதில் வர மாசக்கணக்காகும். இப்போதைக்குத் திருன்னே போட்டுடுங்களேன். நல்ல காரியம் நடக்கற வீட்டுல எதுக்கு அந்தப் பேச்செல்லாம்?"

"அப்ப உயிரோட இருக்காரா சார்?" என்றேன் நான்.

மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்து முழுசாகக் குடித்தார். "நான் எப்படிம்மா சொல்ல முடியும்?"

அந்தத் தண்ணீர் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஆளுக்கு ஏதோ தெரியும் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தேன். "சும்மா இரு லோகா. எனக்கு சோறு போட்ட மனுசன்" என்றாள் பொன்னிக்கா. யார் யாருக்குச் சோறு போட்டது என்று அவளிடம் சண்டை போட எனக்கு அன்று தெம்பில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒன்று தோன்றியது. எங்கள் தொழிலில் அஞ்சலி போஸ்டர் ஃபைலை யாரும் அழிக்க மாட்டோம். இன்று கண்ணீர் அஞ்சலி என்று வருகிற குடும்பம் அடுத்த வருடம் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு வரும், அதற்கடுத்த வருடமும் வரும். படம் அதே படம், வருடத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும். ஜி.எஸ்.டி. ரோடு நெடுக இருக்கிற டிசைனர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் போட்டேன்: விமானப்படையில் இருந்தவர், பெயர் தினகரன், யாரிடமாவது ஃபைல் இருக்கிறதா?

மறுநாள் காலையில் கூடுவாஞ்சேரி ஜெர்சன் போன் செய்தான்.

"அக்கா, என்கிட்ட இருக்கு. பொத்தேரி பார்ட்டி, காலேஜ் பசங்களுக்கு ரூம் வாடகைக்கு விடறவங்க. வருஷா வருஷம் வருவாங்க. அனுப்பட்டா?"

அனுப்பினான். திறந்து பார்த்தேன். நீல வானம், பறக்கிற புறா, நடுவில் தொப்பியும் சீருடையுமாக இளவயதுத் தினகரன். இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. கீழே, ஆழ்ந்த வருத்தத்துடன் மனைவி, மகன் நிகில் என்று இருந்தது. வேறொரு மனைவி. அதற்கும் கீழே, இரங்கல் தெரிவிப்போர் வரிசையில், முன்னாள் விமானப்படையினர் சங்கம், செயலாளர் ஸ்ரீரங்கன் மற்றும் உறுப்பினர்கள்.

என் கடைக்கு வந்திருந்த காலேஜ் பையன்கள் இருவரை, இன்று கடை இல்லை, போங்கடா என்று விரட்டிவிட்டு ஷட்டரை இறக்கினேன். பொத்தேரி என்ன வடக்கேயா இருக்கிறது? நம் லோக்கல் ரயில் நிற்கிற ஊர். காலேஜ் பிள்ளைகளுக்கு ரூம் வாடகைக்கு விட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறான். அதே ரயிலில்தான் எழில் தினமும் கூடுவாஞ்சேரிக்குப் படிக்கப் போய் வந்தாள். அப்பா எங்கிருக்கிறாரோ என்று ஏங்கிய பெண், அவன் ஏறின ரயிலிலேயே ஏறி இறங்கியிருக்கிறாள். இதெல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காதவர்களுக்கு நெஞ்சில் பதக்கம் வேறு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. படத்தில் அவன் வலது தோளை ஒட்டி மெல்லிய சிவப்புக் கோடு. அழிக்காமல் விட்டுப்போன சேலைக் கரை. ஜெர்சனைத் திரும்பக் கூப்பிட்டு வெட்டாத படம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குக்கா. யூனிஃபார்ம்ல அவருக்கு நல்ல போட்டோ இது ஒண்ணுதான்னு கொண்டாந்தாங்க. பக்கத்துல ஒரு பொண்ணு நிக்கும். தங்கச்சியாம், அத எடுத்துடச் சொன்னாங்க."

தங்கச்சி. அவன் அனுப்பிய வெட்டாத படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பின்தெருவுக்கு ஓடினேன்.

பொன்னிக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் படத்தை நீட்டினேன். அவள் தினகரனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் சிவப்புக் கரைச் சேலையில் விறைத்து நின்ற பெண்ணைப் பார்த்தாள். "தோ, நானு. கண்ணாலம் ஆன வாரம் ஸ்டுடியோல புடிச்சது. வெள்ளத்துல பூட்டுச்சேன்னு எவ்ளோ அழுதேன். எங்க கெடச்சிது?" அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். போஸ்டரையும் காட்டினேன்.

அவள் கீரைக் கட்டைப் பிரித்தாள், கட்டினாள். பிறகு கேட்டாள். "எந்த மாசம் போட்டுகீது?"

"ஆகஸ்ட். மாசக் கடைசி."

"அப்ப செப்டம்பர் மீட்டிங்கு." கையில் இருந்த கீரையை முறத்தில் வைத்தாள். "அந்த கிச்சடி லோகா. உனக்கு ஞாபகம் கீதா? ஒரு அண்டா அப்டியே திரும்பி வந்துச்சே."

எனக்கும் ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிச்சடி அண்டாவை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து, தெருவில் வீடு வீடாகக் கொடுத்தாள். ஒருவரும் சாப்பிடவில்லை, ரெண்டு வாய் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள், உப்பு கரித்துவிட்டது போலிருக்கிறது என்று அழுதாள். நானும் சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் கை உப்புக்குப் பயந்தது.

"அன்னிக்கு ஜன்னலைத் தட்னாங்க. மிக்சிய நிறுத்திட்டு நின்னேன். எவனும் என் மூஞ்சப் பாக்கல. தட்ட அப்டியே வச்சிட்டு எந்திரிச்சுப் போறானுங்க. ஆரு சார் இன்னிக்குன்னு கேட்டேன். உனக்குத் தெரியாதவரும்மா, எங்கயோ வெளியூர்னாரு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் புருசனுக்கு நானே நின்னிருக்கேன் லோகா. அடுப்புக்கிட்ட. ஆருக்கோன்னு நின்னிருக்கேன்."

பிறகுதான் அழுதாள். நான் அவளைவிட அதிகமாக அழுதேன், திட்டிக்கொண்டே அழுதேன். பொட்டும் பூவும் போகக் கூடாது என்று பார்த்தார்களாம். அவள் ஏழு ஆடிப்பெருக்குக்குக் கயிறு மாற்றி, செத்தவன் ஆயுசுக்குக் கும்பிட்டதை ஒருவனும் பார்க்கவில்லையா?

செய்தி தெருவில் பரவியதும் இரண்டு கிழவிகள் வந்தார்கள், செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று. அவர்கள் பார்வை கழுத்திலேயே இருந்தது. பொன்னிக்கா அவர்களுக்கு டீ கொடுத்தாள். "அந்தாளு செத்து ஏழு வருசம் இது என் கழுத்துல கீது. எனக்கும் ஒண்ணும் ஆவல, ஊருக்கும் ஒண்ணும் ஆவல. எப்ப கழட்டணும்னு எனக்குத் தெரியும். டீயக் குடிச்சிட்டுப் போங்க" என்றாள். சம்பந்தியம்மாவிடமும் அவளே போனில் பேசினாள். தெய்வத்திரு என்றுதான் வரும், மேடையில் நானும் நிற்பேன், சம்மதமா என்று கேட்டாள். "நில்லுங்க" என்று மட்டும் பதில் வந்தது.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. இனிமேல் அந்தப் பக்கம் போகாதே, போனால் உன்னோடு பேச மாட்டேன் என்றேன். "போவாம? ஒரு வேல பாக்கி கீது. நீயும் வா" என்றாள். கிச்சடியும் தேங்காய்ச் சட்னியும் செய்தாள். பரிமாறும் முன்பே ஹாலுக்குள் போய், மேஜைகளில் இருந்த உப்புக் கிண்ணங்களை எல்லாம் எடுத்து வந்து சமையலறை மூலையில் வைத்தாள்.

கூட்டம் தொடங்கியது. ஸ்ரீரங்கன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர் படிக்க எழுந்தார். உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் ஜன்னலைத் தட்டும் முன்பே பொன்னிக்கா அதை நிறுத்தினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நடுக்கதவைத் திறந்து ஹாலுக்குள் போனாள். அத்தனை வருடத்தில் கூட்டம் நடக்கும்போது அவள் அந்தக் கதவைத் தாண்டியதில்லை.

"சார், ஒரு பேரு வுட்டுப்போச்சு."

ஸ்ரீரங்கன் கண்ணாடியைக் கழற்றினார். அவள் மேஜைமேல் பத்திரிகையை வைத்தாள். மஞ்சள் தடவிய பத்திரிகை. அதில் தெய்வத்திரு தினகரன் என்று நான்தான் அடித்திருந்தேன்.

"அம்மா, உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவர்தான் கேட்டுக்கிட்டார்" என்றார் ஸ்ரீரங்கன். குரல் இறங்கிவிட்டது. "கூட சர்வீஸ்ல இருந்தவனைக் காட்டிக்கொடுக்க யாருக்கும் மனசு வரல. அப்புறம் அவர் போனப்போ… நீங்க பூவும் பொட்டுமா இருந்தீங்க. அதை நாங்க எப்படி…"

"கூட இருந்தவனுக்கு விசுவாசமா இருந்தீங்க. சரி. சோறு போட்டவளுக்கு?" சத்தம் போடாமல்தான் கேட்டாள். "என் பொட்டப் பத்தி நான் பாத்துக்கறேன் சார். அன்னிக்கு ஆருக்குன்னு தெரியாம நின்னேன். இன்னிக்குத் தெரிஞ்சு நிக்கணும். பேரப் படிங்க."

அவர் படித்தார். சார்ஜென்ட் தினகரன் என்று சொல்லி நிறுத்தினார். பொன்னிக்கா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிச்சூர் பொன்னியம்மாளின் கணவர்" என்று சேர்த்துக்கொண்டார்.

நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழுந்தார்கள். முதல் வரிசைக்கு முன்னால் அவள் நேராக நின்றாள். நான் கதவருகே நின்றேன். அடுப்பில் சட்னிக்குத் தாளிக்க வைத்த எண்ணெய் காய்ந்து புகைந்தது. போய் அணைக்க எனக்குத் தோன்றவில்லை.

முடிந்ததும் இரண்டு மூன்று பேர் செருப்பைத் தேடினார்கள். "ஆரும் எந்திரிச்சுப் போவாதீங்க" என்றாள் பொன்னிக்கா. எல்லோரும் உட்கார்ந்தார்கள். தட்டு தட்டாக அவளே பரிமாறினாள். ஸ்ரீரங்கன் குனிந்த தலை நிமிராமல், பழக்கதோஷத்தில் உப்புக் கிண்ணத்துக்காக மேஜையைத் துழாவினார்.

"தேடாதீங்க சார்" என்றாள். "உப்பு சரியாத்தான் கீது. அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சு."

அன்று அண்டாவில் ஒரு கரண்டி கிச்சடிகூட மிஞ்சவில்லை.